பழைய பைபர் படகை நாமே சரிசெய்வது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு சோழமண்டலக் கரை முழுக்க பைபர் படகுகள் வந்து இறங்கின. நிவாரணமாகக் கொடுத்தவை, கடனில் வாங்கியவை, அவசரத்துக்கு முளைத்த பட்டறைகளில் வார்த்தவை என்று எல்லாமே அதில் உண்டு. இருபது வருடம் கடந்த பிறகும் அவற்றில் பல இன்னும் ஓடுகின்றன. சில கரையில் கவிழ்ந்து ஆட்டுக்கு நிழல் கொடுக்கின்றன. அப்படி ஒன்றை வாங்கி, அல்லது வீட்டில் கிடப்பதை எடுத்து, கூடியவரை சொந்தக் கையால் சரிசெய்ய நினைப்பவர்களுக்காக இது. 6 முதல் 9 மீட்டர் வரையான திறந்த படகுகளைத்தான் மனதில் வைத்து எழுதுகிறேன். பெரிய விசைப்படகு வேறு கதை.

முதலில் எதில் கை வைப்பது?

கண்ணுக்குத் தெரியாததில். பெரும்பாலானவர்கள் பெயின்டில் ஆரம்பிக்கிறார்கள், அடுத்து ஜிபிஎஸ் வாங்குகிறார்கள், பின்பலகை இத்துப்போயிருப்பது கடைசியில்தான் தெரிகிறது. பணம் போக வேண்டிய வரிசை இதுதான்: எஞ்சினைத் தாங்கும் பின்பலகை, அடிப்பகுதியும் ஏராவும் (அடியின் நடுவில் நீளவாக்கில் ஓடும் முதுகெலும்பு), குறுக்குக் கட்டைகளும் வங்குகளும் (உள்ளே வளைந்து நிற்கும் விலாக்கள்), மிதவை, அதற்குப் பிறகு எஞ்சின், கடைசியாக மற்றதெல்லாம். பணம் நடுவில் தீர்ந்துபோனாலும் கடலில் நம்பக்கூடிய படகு ஒன்று கையில் இருக்கும்.

வாங்கும் முன் எப்படிச் சோதிப்பது?

படகைக் கவிழ்த்துப் போடச் சொல்லுங்கள். கவிழ்க்க மறுக்கிறவரிடம் வாங்க வேண்டாம்.

சிறு சுத்தியல் அல்லது ஸ்குரூடிரைவரின் கைப்பிடியால் அடிப்பகுதி முழுவதும் ஒரு சாண் இடைவெளியில் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல பைபர் ‘டிக் டிக்’ என்று கூர்மையாகச் சத்தம் கொடுக்கும். மந்தமாக ‘தொப்’ என்று கேட்கும் இடத்தில் அடுக்குகள் பிரிந்திருக்கும், இல்லையென்றால் உள்ளே தண்ணீர் புகுந்திருக்கும். சாக்பீஸால் வட்டம் போட்டு வையுங்கள். முழுதும் தட்டி முடித்தபின் எத்தனை வட்டம், எங்கெங்கே என்று பார்த்தாலே பாதி விஷயம் தெரிந்துவிடும். அங்கொன்றும் இங்கொன்றும் என்றால் வேலை செய்யலாம். ஏராவின் இரண்டு பக்கமும் நீளத்துக்கு வட்டமாக இருந்தால் விட்டுவிடுங்கள்.

ஏராவைத் தனியாகப் பார்க்க வேண்டும். டிராக்டர் கட்டி மணலில் இழுத்த படகுகளில் ஏராவின் அடி தேய்ந்து, கண்ணாடி இழை வெளியே முள்ளாக நிற்கும். அந்த வழியாக உள்ளே போகிற உப்புத் தண்ணீர் லேசில் வெளியே வராது.

பின்பலகைக்கு, எஞ்சின் போல்ட் ஓட்டைகளுக்குப் பக்கத்தில், உள்பக்கமாக 4 மி.மீ. துளை ஒன்று போட அனுமதி கேளுங்கள். துரப்பணத்தோடு வரும் தூள் வெளிறிக் காய்ந்திருந்தால் மரம் உயிரோடு இருக்கிறது. கறுப்பாக, ஈரமாக, புளித்த வாடையோடு வந்தால் பின்பலகையை முழுசாக மாற்ற வேண்டும். அதை விலையில் கழித்துப் பேசுங்கள்.

மேலே சிலந்தி வலை போல ஓடும் மயிரிழை விரிசல்களைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். அநேகமாக அது ஜெல்கோட் என்ற மேற்பூச்சு மட்டும்தான். ஒரே கோடாக நீண்டு, அழுத்தினால் அசைகிற விரிசல்தான் ஆபத்து.

என்னென்ன பொருள் வேண்டும்?

கண்ணாடி இழையை இறுக்கிப் பிடிக்கும் பாலியெஸ்டர் ரெசின் (அடிப்பகுதிக்கு ஐசோ வகை கிடைத்தால் நல்லது, சாதாரண வகையைவிடத் தண்ணீரைத் தாங்கும்), கோபால்ட் (இறுகுவதை வேகப்படுத்துவது), ஹார்ட்னர் (ரெசினை இறுக வைக்கும் திரவம்), சதுர மீட்டருக்கு 450 கிராம் எடையுள்ள சாப்டு மேட் (துண்டு இழைகளாலான விரிப்பு), 600 கிராம் ரோவிங் (நெய்த இழைத் துணி), அசிட்டோன், ரெசினோடு பட்டி கலக்க டால்க் பவுடர், பிரஷ், காற்றுக்குமிழை வெளியேற்றும் வரிவரியான இரும்பு உருளை. கிரைண்டரும் 36 அல்லது 40 நம்பர் உப்புத்தாளும் இல்லாமல் இந்த வேலையில் இறங்கவே கூடாது. அசிட்டோனுக்குப் பதில் பெயின்ட் தின்னரால் துடைக்காதீர்கள். பிசுக்கு மேலேயே தங்கும், புது அடுக்கு பிடிக்காது.

அளவு போட எளிய கணக்கு உண்டு. மேட்டுக்கு அதன் எடையைப்போல் இரண்டேகால் முதல் இரண்டரை மடங்கு ரெசின் போகும். அதாவது 450 கிராம் மேட் ஒரு சதுர மீட்டருக்குக் கிட்டத்தட்ட ஒரு கிலோ. ரோவிங்குக்கு அதன் எடைக்குச் சமமாகவோ சற்றுக் கூடவோ போதும். ஒரு அடுக்கு மேட் காய்ந்தால் சுமார் 1 மி.மீ. தடிமன், ரோவிங் 0.8 மி.மீ. ரெசின் கூடினால் பலம் கூடும் என்று நினைக்காதீர்கள். பலம் இழையில்தான் இருக்கிறது. ரெசின் தேங்கி நிற்கும் இடம்தான் முதலில் வெடிக்கும்.

ஹார்ட்னர் எவ்வளவு ஊற்றுவது? கோபால்ட்டையும் சேர்த்தே கலக்கலாமா?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பேன் என்றால் இதைப் படியுங்கள். கோபால்ட்டும் ஹார்ட்னரும் ஒன்றோடொன்று நேரடியாகச் சேரவே கூடாது. சேர்ந்தால் சட்டென்று சூடேறித் தீப்பிடிக்கும், வெடிக்கவும் செய்யும். முதலில் கோபால்ட்டை ரெசினில் ஊற்றி நன்றாகக் கலக்குங்கள். அது முழுக்கக் கரைந்தபின், அடுக்கு போடத் தயாரான நேரத்தில்தான் ஹார்ட்னர். இரண்டுக்கும் ஒரே அளவுக்குப்பியைப் பயன்படுத்தாதீர்கள். கடையில் ‘கோபால்ட் கலந்தது’ என்று சொல்லிக் கொடுத்த ரெசின் என்றால் மறுபடி ஊற்ற வேண்டாம்.

ஹார்ட்னர் ஒரு கிலோ ரெசினுக்கு 10 முதல் 20 மி.லி. நம் கரை வெயிலுக்கு 10 பக்கம்தான் போக வேண்டும். வேலை செய்ய நேரம் வேண்டும் என்று அதற்கும் கீழே குறைத்தால் ரெசின் என்றைக்குமே முழுதாக இறுகாது. நேரம் வேண்டுமானால் குறைந்த அளவாகக் கலக்கிக்கொள்ளுங்கள். அரைக் கிலோ கலக்கி, கால் மணி நேரத்தில் போட்டு முடித்து, அடுத்ததைக் கலக்குவதே வழி. வாளியில் மிச்சமானதை அப்படியே விடாமல் தகரத்தில் பரப்பி ஊற்றுங்கள், குவிந்து கிடந்தால் புகைய ஆரம்பிக்கும்.

ஹார்ட்னர் பார்க்கத் தண்ணீர் போலவே இருக்கும். அதைப் பழைய தண்ணீர் பாட்டிலில் ஊற்றி வைக்கும் பழக்கம் நம் பட்டறைகளில் இருக்கிறது, தயவுசெய்து வேண்டாம். கண்ணில் ஒரு சொட்டுப் பட்டாலும் பார்வை போகலாம். கண்ணாடி போட்டுக்கொண்டே ஊற்றுங்கள். பட்டுவிட்டால் உடனே கால் மணி நேரத்துக்குக் குறையாமல் நல்ல தண்ணீரில் கழுவிக்கொண்டே இருந்து, நேராக ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

ஓட்டையை அடைக்க மேலே இரண்டு மேட் ஒட்டினால் போதாதா?

போதாது. கரையில் பார்க்கிற ஒட்டுகளில் பாதி இப்படி ஒட்டியவைதான், ஒரு வருடத்தில் ஓரம் கிளம்பி வந்துவிடும். காய்ந்த பழைய பைபரோடு புது ரெசின் ரசாயனமாகச் சேர்வதில்லை. சுரண்டிய மேற்பரப்பைப் பற்றிப்பிடித்துத்தான் நிற்கிறது. அதனால் பற்றிக்கொள்ள நிறைய இடம் கொடுக்க வேண்டும்.

உடைந்த இடத்தில் நல்ல பைபர் வரும்வரை வெட்டி எடுங்கள். பிறகு ஓரத்தைக் கிரைண்டரால் சரிவாகத் தேயுங்கள். தடிமனைப்போல் 12 மடங்கு அகலச் சரிவு வேண்டும். 6 மி.மீ. தடிமன் என்றால் ஓட்டையைச் சுற்றி 7 செ.மீ. உள்பக்கம் எட்ட முடிந்தால் அங்கே தகடு வைத்து அடைத்து, வெளியிலிருந்து அடுக்குங்கள். முதல் அடுக்கு எப்போதும் மேட், ரோவிங்கை நேராகப் பழைய பைபர்மேல் போடக் கூடாது. அப்புறம் ரோவிங், மேட், ரோவிங் என்று மாற்றி மாற்றி வந்து, மேட்டில் முடியுங்கள். ஒவ்வொரு அடுக்கிலும் உருளையை ஓட்டி வெள்ளையாகத் தெரியும் குமிழைக் கண்ணாடிபோல் தெளியும்வரை வெளியேற்றுங்கள். ஒரே நாளில் அடுத்தடுத்துப் போட்டால் அடுக்குகள் ஒன்றாகிவிடும். நாள் கடந்துவிட்டால் மறுபடி தேய்த்து, அசிட்டோனில் துடைத்துத்தான் போட வேண்டும்.

தேய்க்கும்போது தூசு முகமூடி, ரெசின் வேலைக்குக் கரி வடிகட்டி உள்ள முகமூடி, இரண்டும் வேறு வேறு. துண்டை மூக்கில் கட்டினால் ரெசின் வாடைக்கு ஒன்றும் தடுக்காது. பக்கத்தில் பீடி பற்றவைக்க விடாதீர்கள்.

ஏற்கெனவே எம்-சீல் போட்டு அடைத்திருக்கிறார்கள். அதன் மேலேயே போடலாமா?

கூடாது. எம்-சீல், அரால்டைட் எல்லாம் எபாக்ஸி என்ற வேறு வகை ரெசின். பாலியெஸ்டர்மேல் எபாக்ஸி நன்றாகப் பிடிக்கும், ஆனால் எபாக்ஸிமேல் பாலியெஸ்டர் பிடிக்காது. ஒரு துணுக்கு விடாமல் தேய்த்து எடுத்துவிட்டுத்தான் வேலையைத் தொடங்க வேண்டும்.

பின்பலகையை வீட்டிலேயே மாற்ற முடியுமா?

முடியும். இரண்டு பேர் இருந்தால் நல்லது. இந்த முழு வேலையிலும் அவசரப்படக் கூடாத இடம் இதுதான். படகு நடுக்கடலில் எஞ்சினை இழப்பதும், கூடவே பின்பக்கம் திறந்துகொள்வதும் இங்கேதான் நடக்கும்.

இத்துப்போகக் காரணம் கிட்டத்தட்ட எப்போதும் ஒன்றுதான்: எஞ்சின் மாற்றியபோது போட்ட பழைய போல்ட் ஓட்டையைச் சும்மா விட்டது, அல்லது புது ஓட்டையில் ரெசின் தடவாமல் போல்டை இறுக்கியது. மரம் அந்த வழியாகத் தண்ணீரைக் குடித்துக்கொண்டே இருக்கும்.

வெளித்தோலைத் தொடாமல், உள்பக்கத் தோலை ஓரம் நான்கு விரல் விட்டு அறுத்து எடுங்கள். இத்த மரத்தை உளியால் சுரண்டி எடுங்கள், கையோடு மண்போல் வரும். வெளித்தோலின் உட்புறத்தை நல்ல தண்ணீரில் பல தடவை கழுவுங்கள். உப்பு மிச்சமிருந்தால் காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும், எத்தனை நாள் வெயிலில் போட்டாலும் காயாது. கழுவியபின் நன்றாகக் காய விடுங்கள்.

புதிய மரத்துக்கு ஐஎஸ் 710 முத்திரை உள்ள மரைன் பிளைவுட், 18 மி.மீ.யில் இரண்டு. வீட்டு அலமாரிக்கு வாங்குகிற ஐஎஸ் 303 இதற்கு ஆகாது. முத்திரையை மட்டும் நம்பாமல், ஒரு துண்டை வெட்டிக் கொதிக்கிற தண்ணீரில் சில மணி நேரம் போட்டுப் பாருங்கள், அடுக்கு பிரிந்தால் திருப்பிக் கொடுத்துவிடலாம். அட்டையில் அச்சு வெட்டி, அதன்படி பலகையை அறுத்து, எல்லா ஓரத்துக்கும் ரெசின் குடிக்கக் கொடுங்கள். வெளித்தோல்மேல் ஈரமான மேட், முதல் பலகை, மீண்டும் ஈரமான மேட், இரண்டாம் பலகை என்று வைத்து இறுக்குங்கள். இடையில் காற்று நிற்கக் கூடாது. இறுக்கும்போது நான்கு ஓரத்திலும் ரெசின் பிதுங்கி வந்தால் சரியாக உட்கார்ந்தது என்று அர்த்தம்.

பலகை படகின் பக்கத்தோடும் அடியோடும் சேரும் மூலையைப் பட்டி வைத்து வளைவாக்குங்கள். கூர்மூலையில் இழை மடங்கி உட்காராது. அதன்மேல் குறைந்தது மூன்று அடுக்கு, ஒன்றைவிட ஒன்று அகலமாக, 5, 10, 15 செ.மீ. என்று பக்கச்சுவரில் ஏறிப் போக வேண்டும். எஞ்சின் தள்ளும் விசையைப் படகின் உடலுக்குக் கொண்டுபோவது இந்த ஓரங்கள்தான். தோலோடு சேர்த்து மொத்தம் 44, 45 மி.மீ. வரும். உங்கள் எஞ்சின் கவ்வி அவ்வளவு திறக்குமா என்று முன்பே அளந்துவிடுங்கள்.

போல்ட் ஓட்டைக்கு ஒரு வழி: தேவையைவிடப் பெரிதாகத் துளைத்து, பட்டி நிரப்பி, காய்ந்தபின் அதன் நடுவில் சரியான அளவில் துளையுங்கள். இனி தண்ணீர் வந்தாலும் மரத்தைத் தொடாது.

உயரத்தையும் அப்போதே முடிவு செய்யுங்கள். பின்பலகையில் மாட்டும் அவுட்போர்டு எஞ்சினில் குட்டை ஷாஃப்ட் (தண்டு) 15 அங்குலம், நீள ஷாஃப்ட் 20 அங்குலம். புரொபெல்லருக்கு மேலுள்ள தட்டையான தகடு படகின் அடியோடு ஒரே மட்டத்தில் நிற்க வேண்டும். மேலே போனால் காற்றை இழுக்கும், கீழே போனால் எண்ணெயைக் குடிக்கும்.

உள்ளே தெர்மோகோல் வைத்து மிதவை செய்யலாமா?

தெர்மோகோல்மேல் பாலியெஸ்டர் ரெசின் பட்டால் கரைந்து ஓடிவிடும். ரெசினில் உள்ள ஸ்டைரீன்தான் காரணம். பெட்ரோல் பட்டாலும் அதே கதி. பழைய படகுகளில் இருக்கைக்கடியில் அடைத்து மூடியிருப்பார்கள், திறந்து பார்த்தால் கஞ்சியாகக் கிடக்கும், அல்லது தண்ணீர் ஊறிக் கனத்திருக்கும். எடுத்து எறியுங்கள். பாலியூரித்தேன் ஃபோம் வையுங்கள்.

எவ்வளவு வேண்டும்? பைபர் தண்ணீரைவிட ஒன்றரை மடங்கு கனம். அதனால் மூழ்கிய நிலையில் பைபர் தன் எடையில் மூன்றில் ஒரு பங்குதான் கீழே இழுக்கும். 600 கிலோ உடல் என்றால் 200 கிலோ. எஞ்சினுக்கு அதன் எடை கிட்டத்தட்ட முழுசாக. மேலே பிடித்துத் தொங்கும் ஆட்களுக்கு, பனிக்கட்டி, வலை எல்லாவற்றுக்கும் கொஞ்சம். 350 முதல் 400 லிட்டர் ஃபோம் என்று வைத்துக்கொள்ளலாம். அதில் பெரும்பங்கை இரண்டு பக்கமும் மேல்விளிம்பை ஒட்டி வையுங்கள். தரையில் வைத்தால் தண்ணீர் நிறைந்ததும் படகு கவிழப் பார்க்கும்.

மர வள்ளத்துக்கு மேல் பைபர் போர்த்தினால் ஆயுசு கூடுமா?

நல்ல, காய்ந்த மரத்துக்குக் கூடும். கொச்சியில் உள்ள மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் மரப்படகுகளுக்கு பைபர் உறை போட்டுப் பார்த்திருக்கிறது. ஆனால் இத்த மரத்தை மூடினால் உள்ளேயே அழுகும், வெளியே ஒன்றும் தெரியாது. வருடக்கணக்கில் மீன் எண்ணெய் பூசிய பலகையில் ரெசின் பிடிக்கவும் பிடிக்காது. அப்படிப்பட்ட வள்ளத்தை ஒரு ஓடாவியிடம் (மரப்படகுத் தச்சர்) காட்டி, பலகை மாற்றி, இடுக்குகளில் பஞ்சும் குங்கிலியமும் வைத்து அடைத்துக் கலப்பத்து பார்ப்பதுதான் சரி. இந்த வேலை தெரிந்தவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள், இருக்கும்போதே பக்கத்தில் நின்று பாருங்கள்.

நீள்வால் எஞ்சினா, அவுட்போர்டா?

அலைவாயில் ஏறி இறங்குகிற கரையில் நீண்ட தண்டின் முனையில் புரொபெல்லர் உள்ள நீள்வால் டீசல் எஞ்சினுக்கு ஒரு வசதி உண்டு: புரொபெல்லரை நொடியில் தூக்கிவிடலாம், உள்ளூர் மெக்கானிக்கே பிரித்து மாட்டுவார். சத்தமும் அதிர்வும் அதிகம், அந்த அதிர்வு பழைய பைபரை மெல்ல மெல்லத் தளர்த்தும். அவுட்போர்டு வேகமானது, பராமரிப்பு கேட்கும். ஒவ்வொரு முறை கரைக்கு வந்ததும் நல்ல தண்ணீரை ஓடவிட்டுக் கழுவ வேண்டும். அடியில் உள்ள துத்தநாகக் கட்டியின்மேல் பெயின்ட் அடிக்காதீர்கள், உப்பு அதைத் தின்பதற்காகத்தான் அது இருக்கிறது.

பெரிய எஞ்சின் போட்டால் சீக்கிரம் வந்துவிடலாம் என்று கேட்பவர்களுக்கு: நீர்க்கோட்டில் 7 மீட்டர் நீளமுள்ள படகு, சுமை நிறைந்து வரும்போது, சுமார் ஆறரை நாட் வேகத்துக்கு மேல் போக ஆசைப்பட்டால் எண்ணெய்ச் செலவு எகிறிவிடும். படகுக்கு எழுதிய எஞ்சின் அளவைத் தாண்டாதீர்கள்.

பேட்டரி, விளக்கு, ஜிபிஎஸ் எல்லாம்?

12 வோல்ட் பேட்டரியை மூடியுள்ள பெட்டியில் கட்டி வையுங்கள். முக்கிய ஃபியூஸ் பேட்டரிக்கு ஒரு சாண் தூரத்துக்குள். ஒயர் ஈயம் பூசியதாக இருந்தால் பச்சை பிடிக்காது. வீட்டு ஒயரை முறுக்கி டேப் சுற்றினால் ஒரு மழைக்காலம் தாங்காது.

12 மீட்டருக்குக் குறைந்த படகு இரவில் ஓடும்போது சுற்றிலும் தெரியும் வெள்ளை விளக்கும், இடதில் சிவப்பு, வலதில் பச்சையும் காட்ட வேண்டும். டார்ச் அடித்துக் கப்பலை விலக்கிவிடலாம் என்பது நம்பிக்கை மட்டுமே.

பிரதமர் மத்ஸ்ய சம்பதா திட்டத்தில் ஒரு லட்சம் படகுகளுக்கு இலவசமாகக் கொடுக்க முடிவான, இஸ்ரோ உருவாக்கிய, செயற்கைக்கோள் வழியாகச் செய்தி அனுப்பும் டிரான்ஸ்பாண்டரைப் பற்றி உங்கள் மீன்வளத் துறை அலுவலகத்தில் கேளுங்கள். செல்போன் சிக்னல் இல்லாத தூரத்திலும் செய்தி போகும், வரும். அதன் ஆன்டெனாவுக்கு வானம் தெரிய வேண்டும், வலை மூட்டைக்கடியில் வைத்தால் பயனில்லை. கடலோரக் காவல்படையின் 1554, கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தின் 1093 இரண்டு எண்களையும் படகின் உட்பக்கம் பெயின்ட்டால் எழுதிவிடுங்கள்.

ஐஸ் பெட்டியை நாமே வார்க்கலாமா?

தாராளமாக. நம் வெயிலுக்குச் சுவர் தடிமன் 7.5 முதல் 10 செ.மீ. ஃபோம் வேண்டும். மூடிக்கும் அதே தடிமன், மூடியில்தான் எல்லோரும் கஞ்சத்தனம் பண்ணுகிறார்கள். மீன் ஒரு கிலோவுக்கு ஐஸ் ஒரு கிலோ என்று கணக்கு வைத்து அளவெடுங்கள். உருகிய தண்ணீர் வடிய அடியில் துளையும் அடைப்பானும் வேண்டும். படகின் உள்ளேயே வடிய விடாதீர்கள்.

எந்தப் பெயின்ட், எந்த நிறம்?

கரையில் ஏற்றி வைக்கிற படகுக்குப் பாசி எதிர்ப்புப் பெயின்ட் வீண் செலவு, மணலில் தேய்ந்துவிடும். அந்தப் பணத்தில் ஏராவுக்கு அடியில் மேலும் நான்கு அடுக்குப் போடுங்கள், தேய்ந்தால் அதுதான் தேயும். துறைமுகத்தில் தண்ணீரிலேயே நிற்கும் படகுக்குத்தான் பாசி எதிர்ப்புப் பெயின்ட் தேவை. செம்பு கலந்த பாசிப் பெயின்ட் அலுமினிய எஞ்சின் காலில் படக் கூடாது. நிறத்தை மட்டும் நீங்களாக முடிவு செய்ய முடியாது. மாநிலத்துக்கென்று குறித்த நிறம் உண்டு, மீன்வளத் துறையில் கேட்டு அடியுங்கள்.

காகித வேலை ஏதாவது உண்டா?

உண்டு. வாங்கிய உடனே பெயர் மாற்றம். எஞ்சின் மாற்றினாலும், நீளம் கூட்டினாலும் பதிவில் ஏற வேண்டும், இல்லாவிட்டால் மானியமும் காப்பீடும் சிக்கலாகும். பதிவுகள் இப்போது ரியல்கிராஃப்ட் இணையதளத்தில் ஏறுகின்றன. அணியத்தில் (படகின் முன்பகுதி) இருக்கும் பதிவு எண்ணைத் தேய்ப்பதற்கு முன் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

வருடத்தில் எந்த மாதம் வேலைக்கு நல்லது?

பிப்ரவரி முதல் மே வரை. விசைப்படகுகளுக்குத் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள், அப்போது பட்டறை ஆட்கள் எல்லோரும் பெரிய படகுகளில் மாட்டிக்கொள்வார்கள், உதவிக்குக் கிடைக்கமாட்டார்கள். வடகிழக்குப் பருவமழையில் ரெசின் டின்னைத் திறக்கவே வேண்டாம். காலையில் பனி ஈரம் காய்ந்தபின் ஆரம்பித்து, நேர்வெயில் விழாமல் பந்தல் போட்டுச் செய்யுங்கள்.

வேலை முடிந்து முதல் முறை இறக்கும்போது என்ன பார்க்க வேண்டும்?

புது ரெசின் ஒரு வாரமாவது வெயில் பார்த்திருக்கட்டும். முதலில் எஞ்சின் இல்லாமல் அமைதியான நீரில், ஆற்று முகத்துவாரம் கிடைத்தால் அங்கே, இறக்கிக் கட்டுங்கள். மணல் மூட்டை ஏற்றிச் சுமையாக்கி ஓர் இரவு விடுங்கள். காலையில் உள்ளே தண்ணீர் இருந்தால் நக்கிப் பாருங்கள்: உப்பென்றால் கசிவு, சப்பென்றால் பனி அல்லது மழை. பிறகு எஞ்சினை மாட்டி, கரைக்கு இணையாகவே அரை வேகத்தில் ஒரு மணி நேரம் ஓட்டிவிட்டு வந்து, பின்பலகை போல்ட்களை மறுபடி இறுக்குங்கள். முதல் ஓட்டத்தில் அவை கட்டாயம் கொஞ்சம் தளரும். சாவிக் கயிற்றை இழுத்தால் எஞ்சின் நிற்கிறதா என்பதையும் அன்றே பார்த்துவிடுங்கள். வலையை ஏற்றுவது அதற்கு அடுத்த நாள்.